படம் வரையும் கையும் உழைக்கும் கையே!

"பையன் கார்ட்டூன் படம் வரையும் படிப்பில் சேரப் போகிறேன் என்கிறான். அது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் மில் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இன்று உண்டு. சிரித்துத் தள்ளும் கேள்வி அல்ல இது. அனிமேஷன் படிப்பு வளர்ந்த கதையே இதற்குப் பதில் சொல்லும் என்று நாம் கருதுகிறோம்.

திரையில் ஒரு விநாடி ஓடிமறையும் படத்துக்கு 24 சட்டங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும், ஒரு விநாடிக்கு 12 ஓவியங்கள். எலி ஓடுவதும் ராணி திரும்பிப் பார்ப்பதும் இப்படித்தான் பிறக்கின்றன. இது மாயம் அல்ல. குனிந்த முதுகும் சிவந்த கண்ணும் தரும் விலை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஷூனார்டு என்ற ஓவியப் பள்ளி 1921-இல் தொடங்கியது. 1929-இல் வால்ட் டிஸ்னி தம் ஓவியர்களை மாலை வகுப்புக்கு அங்கே அனுப்பினார். 1932-இல் ஆர்ட் பாபிட் என்ற ஓவியர் தம் வீட்டிலேயே சக ஓவியர்களைக் கூட்டி, மனித உருவம் பார்த்து வரையப் பழகினார். இதை அறிந்த டிஸ்னி, ஷூனார்டு பள்ளி ஆசிரியர் டான் கிரகாமை அமர்த்தி, ஸ்டூடியோவிலேயே வகுப்பு நடத்தினார். தொழிலாளி தானாகத் தேடிய கல்வியை முதலாளி தன் லாபத்துக்குத் திருப்பிக்கொண்டார். அந்தப் பயிற்சியின் பலன்தான் 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்'. பணம் குவிந்தது.

வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கீழ்நிலையில் இருந்தோருக்கு வாரம் 18 டாலர்! பலருடைய பெயர் திரையில்கூட வரவில்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். பயிற்சியில் சேர விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு 1938-இல் அந்த ஸ்டூடியோ எழுதிய பதில், கற்பனை வேலை பெண்களுக்கு இல்லை, செல்லுலாய்டு தாளில் மை இழுப்பதும் வண்ணம் நிரப்புவதும்தான் உண்டு என்றது.

பாபிட்டோ உயர்ந்த சம்பளக்காரர். 'நமக்கென்ன' என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. குறைந்த கூலி வாங்கியவர்களோடு சங்கத்தில் நின்றார். 1941 மே மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடனே வேலைநிறுத்தம் வெடித்தது. தூரிகை பிடித்த கைகள் மறியல் அட்டைகளைப் பிடித்தன. தாங்கள் வரைந்த பாத்திரங்களையே அந்த அட்டைகளில் வரைந்து வாயிலில் நின்றார்கள். பல வாரப் போராட்டத்தின் முடிவில் சங்கம் அங்கீகாரம் பெற்றது, சம்பளம் உயர்ந்தது. ஆட்குறைப்பும் தொடர்ந்து வந்தது. பாபிட் வழக்காடி வென்று வேலைக்குத் திரும்பினார். 1947-இல் டிஸ்னி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லி, அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் வேலை என்றார். கூலி கேட்டால் அந்தப் பட்டம் கிடைப்பது நமக்கும் புதிதல்ல.

அந்த ஷூனார்டு பள்ளியும் ஓர் இசைப் பள்ளியும் 1961-இல் இணைந்து கலிபோர்னியா கலைக் கழகம் ஆயின. அனிமேஷன் படிப்பில் உலகப் புகழ் பெற்ற அந்தக் கழகத்தில் இன்று ஆண்டுக் கல்விக் கட்டணம் 50,000 டாலருக்கு மேல். அன்று தொழிலாளிக்குச் சொல்லித்தர முதலாளி பணம் கொடுத்தார். இன்று அதே தொழிலைக் கற்க மாணவன் கடன்படுகிறான். பயிற்சிச் செலவு யார் தலையில் இறங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். கையில் திறமை இருக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கலை, பணக்கார வீட்டுச் சொத்து அல்ல. ஆனால் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சிக் கூடத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் அனிமேஷன் பட்டப்படிப்பு உண்டு. அங்கே இடங்களைப் பெருக்கு, மற்ற மாவட்டங்களிலும் இப்படிப்பைத் தொடங்கு என்று கேட்பது நம் உரிமை.

படித்து வேலைக்குப் போகும் பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், தறி முன்னால் நின்றாலும், உழைப்பை விற்றுப் பிழைப்பவன் தொழிலாளியே. பள்ளி திறமையைத் தரும். அந்தத் திறமைக்கு உரிய கூலியைச் சங்கம்தான் வாங்கித் தரும்!