25 என்பது எமது எல்லையன்று

வைத்தியரின் கணினியில் எமது உயரமும் நிறையும் பதியப்பட்டதும் ஓர் எண் தோன்றுகின்றது. அது 25க்குக் கீழே இருந்தால், "கவலைப்பட ஒன்றுமில்லை" என்ற ஆறுதலுடன் எம்மவர் வீடு திரும்புகின்றனர். உடற்திணிவுச் சுட்டெண் எனப்படும் அவ்வெண் யாரை அளக்க வகுக்கப்பட்டது, எமக்கு எவ்வளவு பொருந்தும் என்று நாம் கேட்பதில்லை. கேளாமையின் விலையைப் பின்னாளில் கண்களும் சிறுநீரகமும் இருதயமும் செலுத்த நேரிடுகின்றது.

கணக்கு எளியது. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 168 சென்ரிமீற்றர் உயரமும் 68 கிலோ நிறையும் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1.68ஐ 1.68ஆல் பெருக்கினால் 2.82, 68ஐ 2.82ஆல் வகுத்தால் 24.1. பொதுவான அட்டவணைப்படி 18.5 முதல் 25 வரை சீரான நிறை, 25இலிருந்து மிகை நிறை, 30இலிருந்து உடற்பருமன். ஆகவே இவருக்குக் குறையில்லை என்றே அட்டவணை கூறும்.

அட்டவணை முழு உண்மையையும் கூறவில்லை. இச்சூத்திரத்தின் மூலவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் கெற்லே. அவர் வைத்தியரல்லர், வானியலும் புள்ளிவிபரவியலும் கற்றவர். "சராசரி மனிதன்" எத்தகையவன் என்பதே அவரது தேடலாக இருந்தது. தனியொருவரின் நோயைக் கண்டறிவதன்று. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். 25, 30 என்னும் எல்லைகளோ பெருமளவு ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் நோய், மரணத் தரவுகளிலிருந்து பெறப்பட்டவை.

தெற்காசியரின் உடலமைப்பு வேறு. ஒரே சுட்டெண் உடைய ஐரோப்பியருடன் ஒப்பிடுகையில் எம்மிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அக்கொழுப்பும் வயிற்றினுள், ஈரலைச் சுற்றிச் சேர்ந்து, இன்சுலின் தன் தொழிலைச் செய்யவிடாது தடுக்கின்றது. மெலிந்த கையும் காலும் கொண்டவருக்குச் சலரோகம் வராதென்ற எமது பழைய நம்பிக்கை இங்கேதான் பொய்த்துப்போகின்றது.

இதனை உணர்ந்தே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, 2004இல், பொது அட்டவணையை மாற்றாதபோதிலும், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களை எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமும் 2013இல் இவ்வெண்களையே பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. வெள்ளையருக்குச் சுட்டெண் 30இல் உள்ள இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகின்றது. நாம் கணக்கிட்ட உயரத்தில் இதன் பொருள் யாது? வெள்ளையர் 85 கிலோவில் எதிர்கொள்ளும் ஆபத்தை எம்மவர் 67 கிலோவைத் தாண்டியதுமே எதிர்கொள்கின்றார்.

எம்மைப் பிரித்து நோக்குவது பாகுபாடாகாதா எனச் சிலர் வினவலாம். பொருந்தாத அளவுகோலால் எல்லோரையும் அளப்பது சமத்துவமன்று. அது எமது நோயைக் காலந்தாழ்த்திக் கண்டுபிடிக்கும் வழி.

அதற்காக 23ஐயும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இச்சுட்டெண் அறியாது. சிறுவருக்கு வயதுக்கேற்ற வேறு அட்டவணை உண்டு; கருவுற்ற தாய்மாருக்கு இக்கணக்கு பொருந்தாது. ஆகவே தையற்காரரின் அளவுநாடாவையும் துணைக்கு அழைப்போம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளக்கும் சுற்றளவு, எம்மவரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுமாயின் விழிப்படைய வேண்டும். மறுபுறம், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்து, உறக்கமும் உணவும் இழந்து 18.5க்குக் கீழே இறங்கியவரும் வைத்தியரிடம் செல்லவேண்டியவரே.

உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நின்று, அதன்பின் சோறுண்டு உறங்கும் ஒருவரிடம் "உடலைக் கவனி" என்று உபதேசிப்பது எளிது. வேலை நேரத்தை அவரால் மாற்ற இயலாதிருக்கலாம். ஆனால் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்க அவரால் இயலும்: "நான் தெற்காசியன், எனது சுட்டெண் 23ஐத் தாண்டிவிட்டது, எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை வேண்டாமா?" மொழி தடையாயின் பிள்ளைகளோ மொழிபெயர்ப்பாளரோ கேட்கட்டும். எமது சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் ஆண்டு விழாக்களில் ஒரு தராசையும் ஓர் அளவுநாடாவையும் வைக்கட்டும், பெருஞ்செலவில்லை.

நாட்டைவிட்டு உயிரைக் காத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். அவ்வுயிரை, எமக்கென வகுக்கப்படாத ஓர் எண்ணை நம்பி இழக்கலாகாது.