பெயரால் மறிக்கப்படும் பாதைகள்

காட்டோரங்கள், வயல்வெளிகள், ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே சரளைப் பாதைகளில் சைக்கிள் பயணம் மேற்கொள்வது பிரிட்டனில் பெருகிவருகிறது. வின்செஸ்டரில் தொடங்கி அங்கேயே முடியும் 350 கி.மீ. 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே' 2020-இல் அறிமுகமானது.

இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது. பொது நடைபாதைகளில் அந்த உரிமை இன்றும் இல்லை. அகலமும் தரையும் ஒன்றாகவே இருந்தாலும், ஆவணத்தில் உள்ள பெயரே தீர்மானிக்கிறது.

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டமோ, பொறுப்புடன் நடந்துகொள்வோர் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளிலும் செல்ல உரிமை அளித்தது; பயிர் நிற்கும் வயல்களுக்கு விலக்கும் தந்தது. உழவருக்குப் பாதுகாப்பு, பயணிக்கு வழி இரண்டையும் ஒரே சட்டம் தர முடியும் என்பதற்கு இதுவே சான்று. பாதையின் பெயரை விடுத்து, பயன்படுத்துவோரின் பொறுப்பை அளவுகோலாக்க இங்கிலாந்தும் முன்வர வேண்டும்.