இரும்பு எருமை

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருப் பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே! உங்களிடம் கனமான சம்மட்டி ஒன்று இருக்குமா?" என்று கேட்டார். பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயரிடம் சம்மட்டி இருக்குமென்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, தெரியவில்லை. "எதற்கு?" என்று விசாரித்தேன். தம்முடைய பவர் டில்லரின் என்ஜின் இறுகிப் போய்விட்டதென்றும், பிஸ்டனை ஓங்கி ஒரு போடு போட்டால் வழிக்கு வந்துவிடும் என்று யாரோ சொன்னதாகவும் தெரிவித்தார். சம்மட்டி இல்லை என்று சொன்னதோடு நில்லாமல் அவருடன் கிளம்பியும் போனேன். அன்று பிடித்த சனி ஏழு வாரம் என்னை விடவில்லை.

பவர் டில்லர் இன்னதென்று அறியாத நகரத்து நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். நாலு சக்கர டிராக்டருக்கு இது தம்பி முறை. சக்கரம் இரண்டே, முன்னால் படுத்த நிலையில் ஒற்றைச் சிலிண்டர் டீஸல் என்ஜின், பின்னால் மண்ணைக் கொத்திப் புரட்டும் சுழல் கத்திகள். நீண்ட கைப்பிடிகள் இரண்டையும் பற்றிக்கொண்டு மனிதன் பின்னால் நடந்து வரவேண்டும். தாய்லாந்து ஜனங்கள் இதை "இரும்பு எருமை" என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டுக்கு இது 1960-களில் ஜப்பானிலிருந்து வந்தது. பெங்களூரில் 1967-இல் தோன்றிய வி.எஸ்.டி. கம்பெனி மித்ஸுபிஷியின் கூட்டுறவுடனும், கேரளத்தில் ஆலுவாவுக்கு அருகே அத்தாணியில் 1973-இல் ஏற்பட்ட காம்கோ என்னும் அரசாங்க ஸ்தாபனம் குபோட்டாவின் அமைப்பிலும் இதைச் செய்து வரலாயின. பெரியவருடையது காம்கோ, 12 குதிரைச் சக்தி. பத்து வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. கொட்டகைக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது. முட்டுக்காட்டு உப்பங்கழிக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைப் படூர்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து வருஷம் இல்லாத அக்கறை இப்போது ஏன் வந்தது? பெரியவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு காணி நிலம். செங்கற்பட்டுச் சீமையின் காணி 1.32 ஏக்கர் என்பது நேயர்களில் பழைய பத்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இத்தனை நாளும் வாடகை டிராக்டர் வந்து உழுதுவிட்டுப் போயிற்று. சென்ற வருஷம் வயலைச் சுற்றி மூன்று பக்கமும் மதில் எழும்பிவிட்டது. எஞ்சிய வழி நாலடிச் சந்து, டிராக்டர் நுழையாது. நிலம் தரிசாகக் கிடந்தால் அதை வாங்கிக்கொள்ள ஆள் காத்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தரகர் வந்து, மிக்க மரியாதையுடன் க்ஷேமம் விசாரித்துவிட்டுப் போகிறார். பவர் டில்லரின் அகலமோ மூன்றடிக்கு உட்பட்டது.

என்ஜினைக் கழற்ற, மோட்டார் சைக்கிள்களுக்கு வைத்தியம் செய்யும் கேளம்பாக்கத்து இளைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். தலைப்பாகத்தைக் கழற்றி, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்படி சாய்த்து வைத்து, டீஸலும் என்ஜின் எண்ணெயும் கலந்து பிஸ்டனின் மேல் ஊற்றினோம். பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்றும் செய்யாதிருத்தல். இதுதான் மனிதனுக்கு மிகவும் கடினம். பெரியவர் தினந்தோறும் காலையில் வந்து எட்டிப் பார்ப்பார், "இன்றைக்குத் தட்டிப் பார்க்கலாமா?" என்பார். பன்னிரண்டாம் நாள், மரக்கட்டையை இடையில் வைத்து மெள்ளத் தட்டியபோது, பிஸ்டன் ஒரு நெல்லின் அகலம் நகர்ந்தது. சம்மட்டியால் அடித்திருந்தால் அலுமினியப் பிஸ்டன் நொறுங்கியிருக்கும். அதோடு கதையும் முடிந்திருக்கும்.

மற்றவை சுலபமாகவே நடந்தன. லேத் பட்டறையில் சிலிண்டரின் உட்புறத்தை மெருகிட்டுப் புது ரிங்குகள் போட்டார்கள். வால்வுகளை அரைத்துப் பொருத்தி, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, கசிகிறதா என்று பார்த்தோம். துருப்பிடித்த டீஸல் தொட்டிக்குள் ஒரு பிடி சரளைக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, தெருப் பிள்ளைகளிடம் கொடுத்து முறை வைத்துக் குலுக்கச் சொன்னோம். வகுப்பில் ஒரு நிமிஷம் நிலைகொள்ளாத பயல்கள் இரண்டு மணி நேரம் சலிக்காமல் குலுக்கினார்கள். தண்ணீர் ஓடும் பாதையில் படிந்திருந்த உப்புத்தான் பெரிய தொல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே வருஷக்கணக்காக ஊற்றியதன் பலன் அது.

இனி மாற்றியமைக்கும் பிரச்னை வந்தது. மெக்கானிக் தம்பி தம் கைப்பேசியில் அமெரிக்கர்களின் பழைய தோட்ட டிராக்டர்களைப் பார்த்துப் பரவசப்பட்டிருந்தார். அங்கே 1946-இல் இந்தியானா மாகாணத்தில் தோன்றிய "வீல் ஹார்ஸ்" போன்ற சிறு டிராக்டர்களைப் பழைய வர்ணம் மாறாமல் புதுப்பித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது பலருக்கு ஒரு விரதம் போல. "நாமும் சிவப்பு அடித்து, பெரிய என்ஜினாக வைத்து, ஆசனமும் பொருத்திவிடலாம், சார்!" என்றார். நான் அவரைப் பரிகசிக்க மாட்டேன். தோட்ட டிராக்டர் என்னும் ஜாதியே இப்படிப்பட்ட கைவரிசையில் பிறந்ததுதான். மேற்கு வர்ஜினியாவில் பெஞ்சமின் கிரேவ்லி என்ற புகைப்படக்காரர், 1911-இல் கையால் தள்ளும் கலப்பையுடன் "இந்தியன்" மோட்டார் சைக்கிளின் உறுப்புகளை இணைத்துப் பார்த்தார். அதன் சந்ததிதான் பிறகு புகழடைந்த கிரேவ்லி யந்திரங்கள்.

ஆனால் பெரியவருக்கு வேண்டியது வேறு. நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மரக்கலப்பை பிளக்கும் சால் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு காணியை ஒரு சால் உழ, ஏர் பின்னால் சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவேண்டும். 60 சென்டிமீட்டர் அகலம் கொத்தும் இந்த யந்திரத்துக்குப் பின்னால் சுமார் 9 கிலோமீட்டர். வித்தியாசம் பெரிதுதான், என்றாலும் எழுபது வயதுக்கு ஒன்பதும் அதிகமே. ஆசனம் புழுதி உழவுக்கு உதவும். எங்கள் சேற்றில் அதைத் தாங்கும் பின்சக்கரம் புதைந்துவிடும். ஆகவே ஆசனத்தைக் கைவிட்டு, கைப்பிடிகளை நாலு அங்குலம் தாழ்த்தி அவருடைய தோளுக்கு இசைவாக்கினோம். சேற்றுக்கு "கேஜ் வீல்" என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் செய்வித்தோம். பின்னோக்கிச் செல்லும்போது கத்திகள் சுழலாமல் தடுக்கும் அமைப்பை முன்பு எந்தப் பட்டறையிலோ கழற்றி எறிந்திருந்தார்கள். "அது இல்லாவிட்டால் சௌகரியம், சார்" என்றார் தம்பி. பின்னால் வரும் யந்திரத்தின் கத்தி முதலில் சந்திப்பது பிடித்திருப்பவரின் கால்களை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான். தடுப்பு திரும்பவும் ஏறிற்று.

வெள்ளோட்டம் என் கர்வத்தை அடக்கியது. யந்திரம் உழுத மண்ணையெல்லாம் ஒரே பக்கமாக வாரி எறிந்துகொண்டு வரப்பை நோக்கி ஓடிற்று. காரணம், "எல்" வடிவக் கத்திகளின் வளைவுகள் இடமும் வலமும் மாறி மாறி வராமல், பெரும்பாலும் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்டியிருந்தோம். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-இல் தகப்பனாரின் நீராவி டிராக்டரைக் கொண்டு முதல் சுழல் உழவைச் சோதித்தபோது, அவருடைய யந்திரமும் மண்ணைப் பக்கவாட்டில்தான் எறிந்ததாம். அதற்குப் பரிகாரமாகவே அவர் இந்த "எல்" வடிவக் கத்தியை அமைத்தார். பரிகாரத்தையே நாங்கள் தலைகீழாக மாட்டியிருந்தோம்!

எனக்கு மனத்தில் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இலங்கையில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், எந்தக் கம்பெனி செய்த இருசக்கர டிராக்டரையும் "லான்ட்மாஸ்டர்" என்றே சொல்லுவார்கள். 1950-களில் அந்த யந்திரம் உருவாகக் காரணமாயிருந்தவர் ரே விஜேவர்த்தன (1924-2010). கேம்பிரிட்ஜில் படித்த எஞ்சினியர். 1960-களில் அமெரிக்காவில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது, நீங்கள் விவசாயத்தை மேம்படுத்தினீர்களா, அல்லது எருமையை யந்திரமாக்கினீர்களா என்று சபையில் ஒரு கேள்வி எழுந்தது. அவர் கோபிக்கவில்லை, யோசித்தார். பிறகு தம் யந்திரத்தையே சந்தேகித்து, நைஜீரியாவில் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணைக் கிளறாமல் இலைதழையால் மூடிச் செய்யும் வேளாண்மையில் ஈடுபட்டார். தாம் செய்ததைத் தாமே அப்படிக் கேள்வி கேட்கும் துணிவு அநேகருக்கு வராது.

இதைப் பெரியவரிடம் ஒரு மாலை சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "அந்த ஐயா சொன்னது சரிதான், வாத்தியாரே. எருமை சாணி போட்டது. இது புகை போடுகிறது. ஆனால் எருமை மேய்ந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடி நிற்கிறதே? அதை எங்கே மேய விடுவேன்?" என்றார். மண்ணைக் கிளறாமல் நெல் நடும் உபாயம் ஏதேனும் உண்டா என்று அவரே பிறகு விசாரித்தார். நேர் விதைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த நவரைப் பட்டத்தில் கால் காணியில் பார்ப்போம் என்றிருக்கிறார். இந்தச் சம்பாவுக்குச் சேறுதான்.

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள், ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் இரண்டு சால் ஓட்டினார். ஒரு சாலுக்குப் பிறகு கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன்; பத்து நிமிஷத்தில் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். கொக்குகள் பின்னாலேயே நடந்தன. தரகர் வெள்ளிக்கிழமை வந்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டு, க்ஷேமம் விசாரிக்காமல் போனார்.

அரைக் காணி வைத்திருக்கும் அயலார் மூவர், டீஸலும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்து உழுதுகொள்ளக் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் சந்தின் மறுபக்கத்திலும் மதில் எழும்பப் போவதாகக் கேள்வி. நேற்றுச் சாயங்காலம் நானும் பெரியவரும் நாடா பிடித்து அளந்து பார்த்தோம். கூண்டுச் சக்கரங்களோடு போனால் இடிக்கும். அவற்றைத் தலையில் சுமந்துபோய் வயலிலேயே மாட்டிக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.