மறுபடி சொட்டுகிறது!

ஒரு பைப் ரெஞ்ச், நாலு ரோல் டெஃப்லான் டேப், ஒரு பழைய டி.வி.எஸ். 50. என் 'கம்பெனி'யின் ஆரம்ப மூலதனம் இவ்வளவுதான். அப்போது முதலாளி, தொழிலாளி, டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. இப்போது நாலு பையன்கள். ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாமி போன் செய்தார். "உங்க பையன் கெட்டிக்காரன்! கீஸர்ல சொட்டிண்டே இருந்தது. அம்பது ரூபாய்ல அடைச்சுட்டான்."

பாராட்டைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. சொட்டியது ஸேஃப்டி வால்வ். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 200 மில்லி கூடும். வந்த வழியே திரும்பிப் போக நான்-ரிட்டர்ன் வால்வ் விடாது. அதற்கு ஸேஃப்டி வால்வ்தான் வாசல். அதையும் அடைத்து, தெர்மோஸ்டாட்டும் மக்கர் செய்தால் சுவரில் தொங்குவது கீஸர் அல்ல, குண்டு!

"உடனே சுவிட்சை அணைங்க மாமி!" என்று கத்திவிட்டு ஓடினேன். ஆறவிட்டு, புது வால்வ் போட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைத் தரையோர ஜாலிக்கு இழுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை.

பையனைத் திட்ட வாய் வரவில்லை. அடைக்கக் கூடாது என்று அவனுக்கு நான் சொல்லவே இல்லையே! ஐந்தாவது ஆள் அப்புறம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேருக்கும் பாடம்.

மாமிக்குத்தான் மனத்தாங்கல். அக்கம்பக்கத்தில் சொல்கிறாராம்: "பையன் நிறுத்திட்டுப் போனதை, முதலாளி வந்து மறுபடி சொட்ட வெச்சுட்டார்!"