கொட்டைக்கும் ஊர் உண்டு

சித்தூர் மாம்பழத்துக்குப் பெயர் போனது. திருப்பதி லட்டுக்கு. காபித் தோட்டங்களுக்காக இந்த ஊர்களை யாரும் தேடிப் போவதில்லை. ஆனால் காபி குடிப்பதில் இரண்டும் சென்னைக்குச் சளைத்தவையல்ல. 1953-ல் ஆந்திரம் பிரியும்வரை சென்னையோடு இருந்த மாவட்டம் இது. எல்லை மாறியது, டபரா மாறவில்லை.

இங்கே காபிப்பொடி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பவை பழைய கேள்விகள்தான். பீபெரியா, 'பிளான்டேஷன் ஏ'-யா? சிக்கரி எவ்வளவு? பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்டிருக்கும் கொட்டை. பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவின் ஒரு தரம். இரண்டுமே கொட்டை எந்த ஊரில் விளைந்தது என்று சொல்வதில்லை.

காரணம் இருக்கிறது. 1940-களில் தொடங்கி அரை நூற்றாண்டு காலம், விளைந்த காபி காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. அங்கே தரம் மிஞ்சியது. தோட்டத்தின் பெயர் கரைந்தது. 1990-களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விவசாயிகளுக்கு முழு விற்பனைச் சுதந்திரம் கிடைத்தது.

போகிற ஊரில் கொட்டை வாங்கிச் சேர்க்கும் காபிப் பிரியர்களின் ஆசைக்கு அப்போதுதான் அர்த்தம் வந்தது. அவர்களுக்கு முன்னோடி பாபா புடன். 17-ம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பியவர், ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிக் கதை. மலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

2019-ல் ஐந்து இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது: குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாக்கள், வயநாடு ரோபஸ்டா. இவற்றில் அரக்கு ஆந்திரத்தின் சொந்தச் சரக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலையில், மர நிழலில், மிளகோடு சேர்த்து ஆதிவாசிக் குடும்பங்கள் வளர்ப்பது.

எதிர்த் திசையில் ஓடும் வண்டியும் உண்டு. திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையம் பகுதியில் சி.சி.எல். நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் காபி ஆலை இருக்கிறது. பல இடத்துக் கொட்டைகள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ருசிக்கேற்பக் கலந்து தூளாகிக் கப்பலேறும் தொழில் இது. டப்பாவில் ஊர்ப் பெயருக்கு வேலையில்லை.

கொட்டை சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பொடி வேண்டாம், முழுக்கொட்டையாக வாங்குவது நல்லது. வறுத்த தேதியைப் பார்க்க வேண்டும். வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கும். எனவே இது தபால்தலைபோல் அடுக்கி வைக்கும் சேகரிப்பல்ல, குடித்துத் தீர்க்க வேண்டியது. பொடிதான் வாங்குவதென்றால் சிக்கரி அளவைப் படிக்க வேண்டும். கலவையில் 49 சதவீதம்வரை சிக்கரிக்குச் சட்டமே இடம் தருகிறது.

குறியீடு பெயரைக் காக்கும். விலையைத் தானாக உயர்த்தாது. சித்தூர்க் கடையிலும் திருப்பதிக் கடையிலும் "எந்த ஊர்க் கொட்டை?" என்று கேட்பவர்கள் பெருகினால்தான், அரக்கு மலையில் பழம் பறிக்கும் கைக்கு அந்தப் பெயரால் பலன்.