சுவீகாரமும் தரகும்

பம்மலிலும் நாகல்கேணியிலும் அனகாபுத்தூரிலும், மணமாகிப் பல ஆண்டு கழிந்தும் மடியில் பிள்ளை இல்லாத தம்பதிகள், கருத்தரிப்பு மையங்களில் கைப்பொருளைக் கரைத்து, கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு, கடைசியில் எவரோ ஒருவர் தணிந்த குரலில் சொல்லும், "தெரிந்த நர்ஸம்மா ஒருத்தர் இருக்கிறார், பிறந்த அன்றே கையில் வாங்கிக்கொள்ளலாம், சான்றிதழும் உங்கள் பெயரிலேயே வந்துவிடும்" என்ற வார்த்தைக்குச் செவிகொடுத்து நிற்பதைக் காண்கிறவர்களுக்கு அவர்கள் மீது இரக்கமே பிறக்கும். ஆயினும் அந்த இரக்கத்தை முன்னிட்டு அவ்வழியைப் பற்றி வாய்மூடி இருப்பது, தம்பதிகளுக்கும், பெற்ற தாய்க்கும், எல்லோரினும் மேலாகத் தன் நியாயத்தைத் தானே கேட்க இயலாத அச்சிசுவுக்கும் நாம் இழைக்கும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

அத்தகைய ஏற்பாடு ஒன்றுக்கு எழுதப்பட்ட பத்திரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் குடும்பத்தார் என்னிடம் காட்டினார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரியின் முத்திரை, "என் முழு மனச் சம்மதத்துடன், எவருடைய தூண்டுதலும் இன்றி" என்று கிரயப் பத்திரத்தின் பாஷையிலேயே தொடங்கி, "இன்று முதல் மேற்படி குழந்தையின் மீது எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று முடிந்து, அடியில் பெற்றவளின் இடக்கைப் பெருவிரல் ரேகை. கைமாறிய தொகை "பிரசவச் செலவு" என்ற பெயரில் ஒரு வரியில் ஒதுங்கியிருந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பருவம் வந்தபோதுதான் அந்தத் தாள் எதற்கும் உதவாது என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

பெற்றோர் தம் குழந்தையை நேரே சுவீகாரம் கொடுப்பது முற்றும் விலக்கப்பட்டதன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தத்த ஹோமம் அவசியமில்லை. கொடுப்பதும் ஏற்பதும் மெய்யாக நிகழ வேண்டும். கணவன் மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும். ஆண் மகவு உள்ளவர் ஆணையும், பெண் மகவு உள்ளவர் பெண்ணையும் சுவீகரிக்கலாகாது. பம்மல் சார்பதிவாளர் அலுவலகம் போன்ற ஒன்றில் இருதரப்பாரும் கையொப்பமிட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டால், சுவீகாரம் சட்டப்படியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தங்கை பிள்ளையை அக்காள் எடுத்து வளர்க்கும் குடும்பங்களுக்கு இது நேர்வழி. ஆனால் இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சுவீகாரத்தின் பொருட்டுப் பணமோ வெகுமதியோ கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. பிரசவச் செலவு என்று பெயர் சூட்டினாலும், பிள்ளைக்குக் கொடுத்த விலை விலைதான்.

உறவில் குழந்தை இல்லாதோருக்கும், எந்த மதத்தாருக்கும் உரிய வழியை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்திருக்கிறது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இவ்வழியே சுவீகரிக்கலாம் என்பதை, இதற்கு முந்தைய இளைஞர் நீதிச் சட்டம் நடப்பிலிருந்தபோதே, உச்ச நீதிமன்றம் 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவாக்கிற்று. மத்திய தத்து வள ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். முறை வரும்போது குழந்தையின் விவரம் வரும். ஒப்புக்கொண்டால், இறுதி ஆணைக்கு முன்பே வளர்ப்புப் பொறுப்பில் குழந்தை வீடு வந்துவிடும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்துவந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். குழந்தையைப் பராமரித்த தத்து இல்லம் எந்த மாவட்டத்தில் உள்ளதோ, அம்மாவட்டத்தின் ஆட்சியர் அவர். செலவோ, வீட்டாய்வுக்கு 6,000 ரூபாய், இல்லத்தின் பராமரிப்பு நிதிக்கு ஒரு தொகை, பின்னர் ஈராண்டுக் காலம் ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்ப்பதற்கு முறைக்கு 2,000 ரூபாய் என்று, எல்லாம் சேர்ந்தும் ஒரு லட்சத்தை எட்டாது. அனைத்துக்கும் ரசீது உண்டு. சுவீகாரப் பெற்றோரின் பெயரைத் தாங்கிய பிறப்புச் சான்றிதழையும் சட்டமே தருகிறது. தரகர் லட்சங்களுக்கு விற்கும் பொய்ச் சான்றிதழால் கிட்டும் நன்மை எதுவும் இதில் குறையவில்லை.

2019 ஏப்ரலில் இராசிபுரத்திலிருந்து வெளிவந்த ஒலிப்பதிவை மறந்தவர் இரார். ஆஸ்பத்திரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு ஸ்திரீ, பெண் குழந்தைக்கு இன்ன விலை, ஆணுக்கு இன்ன விலை, நிறத்துக்கு ஏற்ற விலை, சான்றிதழுக்குத் தனி விலை என்று கடைச் சரக்கைப் போல் அடுக்கிய அக்குரலைக் கேட்டுத் தமிழகம் பதைத்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. அதற்கும் முன், 2005-இல், புளியந்தோப்பு முதலிய இடங்களின் ஏழைக் குழந்தைகள் களவாடப்பட்டு, மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்னும் சென்னை நிறுவனத்தின் வாயிலாக ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் சுவீகாரப் பிள்ளைகளாக அனுப்பப்பட்ட செய்தி வெளியாயிற்று. அது அரசின் அங்கீகாரம் பெற்றிருந்த நிறுவனம். குழந்தையை எந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்று இல்லங்களின் கையில் இல்லாமல், வரிசைக் கிரமப்படி இணையதளத்தின் வழியே நடப்பதற்கு, பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்மாரின் கண்ணீரும் ஒரு காரணம் என்பதை, முறையின் கடுமையைக் குறைகூறுவோர் நினைவில் கொள்வது நலம்.

எனினும் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கைக்குழந்தைக்காகப் பதிந்தவர்கள் மூன்றாண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள்; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெறத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கையில், பிந்திப் பதிய வருவோர்க்கு அந்த வரம்பே வாசலை அடைத்துவிடுகிறது. தரகரின் வார்த்தைக்கு வலிமை ஊட்டுவது இந்தத் தாமதமும் தடையுந்தான். காத்திருப்போர் பலர், வரிசைக்கு வந்து சேரும் சிசுக்கள் சொற்பம். மணமாகாமலோ கைவிடப்பட்டோ பிரசவித்துத் தவிக்கும் பெண்ணிடம், குழந்தைகள் நலக் குழுமம் என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாதபோது, தரகர் முதலில் அவள் படுக்கையருகே வந்து சேருகிறார். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறியாத தமிழர் அரியர். ஆனால் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்வதோடு, தன் பெயர் வெளிவராமல் குழுமத்தின் முன் குழந்தையை முறைப்படி ஒப்படைக்கலாம் என்பதும், மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு என்பதும் அப்பெண்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகையால் பம்மல் அடங்கிய செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்தை நான் வேண்டுவது இதுதான்: குரோம்பேட்டை அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டிலும், பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள ஒவ்வொரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியிலும், ஒப்படைக்கும் முறையையும் அந்த இரண்டு மாத அவகாசத்தையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், படுக்கையில் கிடக்கும் பெண்ணின் கண்ணுக்குப் படும்படி பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்; குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு முறையேனும் அந்த வார்டுகளுக்கு நேரில் வந்துபோக வேண்டும்.