லாபக் கணக்கில் அறம்

சிங்கப்பூரின் ஸ்பிரிங்லோடட் நிறுவனம் உருவாக்கி 2021 நவம்பரில் வெளிவந்த ‘லெட்ஸ் பில்ட் எ ஜூ’ என்ற வீடியோ கேமைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் நீங்கள் ஒரு விலங்குக் காட்சிசாலையைக் கட்டி நடத்த வேண்டும். மரபணுக்களைக் கலந்து வாத்துத்தலை ஒட்டகச்சிவிங்கி போன்ற விசித்திரங்களையும் படைக்கலாம். அப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்கள் சாத்தியம். தாங்கள் படைத்ததைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறார்கள் ஆட்டக்காரர்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் பிடித்ததுதான். ஆனால், இதன் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. வரவு செலவு பார்க்கும் இடத்திலேயே இந்த விளையாட்டு அறத்தையும் கொண்டுவந்து வைக்கிறது. கள்ளச்சந்தையில் விலங்கு வாங்கலாமா? வளர்த்த உயிரையே இறைச்சியாக்கிக் காசு பார்க்கலாமா? நாம் சொல்லும் பதில் நன்மை தீமைக் கணக்கில் ஏறுகிறது. எந்தக் கட்டடங்களை இனிக் கட்டலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. தவறு செய்ய வழியே இல்லாத இடத்தில் நல்லவராக இருப்பதில் என்ன பெருமை? குறுக்குவழி கண்ணெதிரே திறந்திருக்கும்போது அதை வேண்டாம் என்பவர்தான் நிர்வாகம் கற்கிறார். ஆகவே, ஆட்டக்காரர்களின் பேச்சு விசித்திர விலங்குகளோடு நின்றுவிடக் கூடாது. எந்த லாபத்தை எதற்காக மறுத்தோம் என்பதையும் அவர்கள் விவாதிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும், ‘எவ்வளவு சம்பாதித்தாய்?’ என்பதல்ல, ‘எப்படிச் சம்பாதித்தாய்?’ என்பதே.